பத்துக் கிலோ ஐஸ், இருபது நிமிடம்

ஏப்ரல், மே மாதங்களில் மாலைச் செய்தியில் வெயில் பட்டியல் வாசிக்கும்போது எங்கள் பக்கத்து ஆட்கள் காதைத் தீட்டிக்கொள்வோம். கரூர் பரமத்தியின் பெயர் அதில் அடிபடாத வாரம் இருக்காது. கபடியில் நம் ஊர் அணி ஜெயித்துவிட்டது போல ஓர் அசட்டுப் பெருமை. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வரைதான் அந்தப் பெருமையெல்லாம். மதியம் ஒன்றரை மணிக்கு, தகரக் கூரை போட்ட ஜீப்பில், அதே பரமத்தி வழியாகக் காங்கேயத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்கு எழுபத்திரண்டு வயது அம்மாவை அழைத்துக்கொண்டு போனால் தெரியும் சங்கதி.

அம்மா திட்டவில்லை. வெள்ளகோவிலில் இளநீர் குடிக்க நிறுத்தியபோது, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இதற்கு வீட்டில் இட்லிக் குண்டானிலேயே என்னை உட்கார வைத்திருக்கலாமே, கண்ணு."

அன்று தொடங்கியது. நான்கு கோடைக்காலம் ஓடிவிட்டது. ஐஸ் பெட்டி, வெட்டிவேர்ப் பெட்டி, ஊதுபத்தி, தார்ப்பாய் என்று நான் பட்ட பாட்டை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏலத்தில் எடுத்த பழைய டீசல் ஜீப். வந்தபோது சேஸிஸும் எஞ்சினும் முகப்பும்தான் உருப்படி, மீதியெல்லாம் துரு. கரூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் போர்வையும் கொசுவலையும் நினைவுக்கு வரும். பஸ் முதலாளிகளுக்கு பாடி கட்டும் பட்டறைகள் நினைவுக்கு வரும். அப்படியொரு பட்டறையில் முப்பது வருடம் பஸ்ஸுக்கு பாடி கட்டி ஓய்ந்த மேஸ்திரி ஒருவர், பொழுதுபோக்காக என் ஜீப்புக்கு 2011இல் மூடு பாடி கட்டிக் கொடுத்தார். சதுரக் குழாயில் கூடு, அதன்மேல் தகடு, பக்கத்துக்கு இரண்டு தள்ளு கண்ணாடி, பின்னால் ஒற்றைக் கதவு. பார்த்தால் குட்டி பஸ் மாதிரி இருக்கும். கரும்பச்சை அடித்தது நான். வெயிலைப் பற்றி அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது என்பதற்கு அந்த நிறம் ஒன்றே சாட்சி.

காங்கேயத்திலிருந்து திரும்பிய மறுநாளே கார் ஏ.சி. பொருத்துகிறவரிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். கம்ப்ரஸரை மாட்ட எஞ்சினில் இடமில்லை, தனியாகத் தாங்கி செய்ய வேண்டும். ரேடியேட்டருக்கு முன்னால், சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சரை வைத்தால் எஞ்சின் சூடேறும். வண்டிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் 35 ஆம்பியர்தான், அதையும் மாற்ற வேண்டும். இதெல்லாம்கூடச் செய்துவிடலாம் என்றார். பிறகு உள்ளே ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தச் சொன்னார். கதவுக்கும் தூணுக்கும் நடுவே விரல் நுழையும் சந்து வழியாக வெளியே நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஏ.சி. டப்பாவுக்குப் போடலாம் சார். கூடைக்குப் போட முடியாது."

மேஸ்திரியிடம் இதைச் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் கோபம் கூடை என்ற சொல்லின் மேல் இல்லை. கூரையிலும் பக்கத்திலும் ஓட்டை போட்டுக் குழாய் விடுவதைப் பற்றித்தான். "பாடியில் ஓர் ஓட்டை போட்டால் போதும் தம்பி, மழை உன்னைத் தேடிக்கொண்டு வரும். எது செய்தாலும் மாட்டிக் கழற்றுகிற மாதிரி செய். டிரில்லைத் தொடாதே."

சட்டமும் ஏறத்தாழ மேஸ்திரி பக்கம்தான். பதிவுச் சான்றில் இருக்கும் விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. பாடி வகையை மாற்றி எழுதுவதற்கே அந்தக் காலத்தில் விண்ணப்பம், பார்வையிடல் என்று அலைந்தவன் நான். இன்னொரு முறை அந்த வரிசையில் நிற்க எனக்குத் தெம்பில்லை. ஆகவே கையால் மாட்டி, கையால் கழற்றி, வீட்டுப் பரணில் போடக்கூடியதாக எல்லாம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். இந்த விதி ஒன்றுதான் நான்கு வருடமும் மாறாமல் இருந்தது. ஏறத்தாழ மாறாமல்.

முதல் வருடம் ஐஸ். இது எல்லாரும் செய்து பார்ப்பதுதான். மீன் வரும் தெர்மோகோல் பெட்டி, மூடியில் இரண்டு வட்ட ஓட்டை, ஒன்றில் 12 வோல்ட் விசிறி, இன்னொன்றில் ஒரு பி.வி.சி. முழங்கை. உள்ளே ஐஸ் கம்பெனியிலிருந்து உடைத்து வாங்கிய கட்டிகள். முழங்கைக்கு முன்னால் முகத்தை நீட்டினால் சொர்க்கம். முகத்தை ஒரு முழம் நகர்த்தினால் பழைய கரூர். அதோடு ஐஸின் மேல் போய் வரும் காற்று உருகிய தண்ணீரின் துளிகளையும் அள்ளிக்கொண்டு வருகிறது. கூடவே, எத்தனை கழுவினாலும் போகாத நெத்திலி வாசம்.

இரண்டாவது ஐஸ் பெட்டியைக் கொஞ்சம் யோசித்துச் செய்தேன். பழைய சாமான் கடையில் ஒரு சிறிய காரின் ஹீட்டர் ரேடியேட்டர் கிடைத்தது. குளிர்நாட்டுக்காரர்கள் வெந்நீரை ஓடவிட்டுக் காரின் உட்புறத்தைச் சூடாக்கும் சாமான். நான் அதில் ஐஸ் தண்ணீரை ஓடவிட்டேன். தண்ணீரைச் சுற்ற வைக்க, தோட்டத்தில் மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயரின் மோட்டார். 12 வோல்ட்டில் ஓடும், விலை குறைவு, உழவர் கடை எதிலும் கிடைக்கும். ஹீட்டர் ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு விசிறி. ஐஸ் தண்ணீர் பெட்டிக்குள்ளேயே சுற்றும், காற்று அதைத் தொடாது. ஈரமும் இல்லை, நெத்திலியும் இல்லை. முதல் நாள் ஓட்டத்தில் ரேடியேட்டரின் இதழ்களில் வியர்த்துச் சொட்டியதைப் பார்த்து, நான் என்னவோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன்.

கணக்கு போட்டுப் பார்த்தது அதற்குப் பிறகுதான். முன்பே போட்டிருந்தால் ஒரு கோடை மிச்சமாகியிருக்கும். ஒரு கிலோ ஐஸ் உருகுவதற்கு 80 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். உருகிய தண்ணீர் 20 டிகிரி வரை சூடேற இன்னொரு 20. ஆகப் பத்துக் கிலோவுக்கு 1000 கிலோ கலோரி. மின்சாரக் கணக்கில் சொன்னால் சுமார் 1.16 யூனிட். கேட்க நிறைய மாதிரி இருக்கும். இப்போது ஏ.சி. கடையில் "ஒரு டன்", "ஒன்றரை டன்" என்று சொல்கிறார்களே, அந்த டன் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஏ.சி.யின் எடை இல்லை அது. ஓர் அமெரிக்க டன், அதாவது 907 கிலோ ஐஸ், 24 மணி நேரத்தில் உருகினால் எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ அதுதான் ஒரு டன் குளிர்ச்சி. ஏறத்தாழ 3.5 கிலோவாட். ஐஸ் விற்ற காலத்தின் அளவுகோல் இன்றும் ஏ.சி. அட்டைப்பெட்டியின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கோலால் அளந்தால் என் பத்துக் கிலோ ஐஸ் ஒரு டன் ஏ.சி.க்கு இருபது நிமிட வேலை. கரூரிலிருந்து பரமத்தி வரை. அங்கிருந்து காங்கேயம் போக இன்னும் சில பெட்டி, திரும்பி வர அதைவிட ஒன்று கூடுதலாக. அம்மாவை ஏற்றுவதா, ஐஸை ஏற்றுவதா?

இந்தக் கட்டத்தில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். பொறியியல் படிக்கும் அக்கா மகன் பெல்டியர் தகடு என்றான். மின்சாரம் கொடுத்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் கொதிக்கும். உள்ளங்கையில் பாதி அளவுள்ள ஒரு தகடு 60 வாட் தின்றுவிட்டு, அதில் பாதி அளவு வெப்பத்தைக் கூட இழுக்கத் திணறும். தண்ணீர் பாட்டிலைக் குளிர வைக்கலாம், மனிதர்களை வைக்க முடியாது. உலர் பனிக்கட்டி வாங்கிப் போடலாம் என்றார் ஒரு நண்பர். அது உருகாது, நேராகக் கரியமில வாயுவாக மாறும். சாத்திய வண்டிக்குள் அதை வைத்துக்கொண்டு ஓட்டினால் வெயில் கவலை உள்பட எல்லாக் கவலையும் ஒரேயடியாகத் தீர்ந்துவிடும். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். வீட்டு ஜன்னல் ஏ.சி.யைப் பின்கதவில் மாட்டி, இன்வெர்ட்டரும் பெரிய டியூபுலர் பேட்டரியும் வைத்து ஓட்டலாம் என்று படம் அனுப்பியவர்களும் உண்டு. முக்கால் டன் ஏ.சி.க்குச் சுமார் 900 வாட் வேண்டும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அது 85, 90 ஆம்பியர் இழுக்கும். வாழ்நாள் முழுவதும் மெதுவாக வடிந்தே பழகிய வீட்டு பேட்டரி, இந்த இழுப்பில் ஒரு மணி நேரம் நின்றால் அதிசயம்.

இரண்டாவது வருடம் வெட்டிவேர். நனைந்த வேர் வழியாகக் காற்றை விட்டு வண்டியைக் குளிர வைப்பதற்கு முன்னோடிகள் உண்டு, ஆனால் நம் ஊரில் இல்லை. அமெரிக்காவில் ஏ.சி. கார் முதலில் வந்தபோது அது பட்ட அவஸ்தை தனிக் கதை. 1939 நவம்பரில் சிகாகோ கண்காட்சியில் பேக்கார்ட் நிறுவனம் காட்டியதுதான் ஆலையிலேயே ஏ.சி. பொருத்திய முதல் கார். குளிர்விக்கும் பாகம் டிக்கியில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டது. கம்ப்ரஸருக்கு கிளட்ச் கிடையாது. ஏ.சி.யை நிறுத்த வேண்டுமானால் எஞ்சினை அணைத்து, இறங்கி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும். இரண்டே வருடத்தில் கடையைக் கட்டிவிட்டார்கள். 1954இல் நாஷ் கார்தான் எல்லாவற்றையும் முன்பக்கமே அடக்கிக் காட்டியது. அதுவரை, அதற்குப் பிறகும் சில ஆண்டுகள், அரிசோனா, கலிபோர்னியா பாலைவனத்தைக் கடக்கிறவர்கள் கார் ஜன்னலில் ஒரு தகர உருளையை மாட்டிக்கொண்டார்கள். வாக்குவம் கிளீனர் மாதிரி இருக்கும். வண்டி ஓடும் வேகத்தில் காற்று உருளைக்குள் புகும், உள்ளே நனைந்த நார்மெத்தை வழியாக வரும், குளிர்ந்து ஜன்னலுக்குள் இறங்கும். மெத்தை காய்ந்தால் ஒரு கயிற்றை இழுத்து நனைத்துக்கொள்ள வேண்டும். மோட்டார் இல்லை, ஒயர் இல்லை. கண்ணாடியை இறக்கினால் கழன்றுவிடும். தெர்மடார் போன்ற கம்பெனிகள் விற்றன.

இந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இது வெட்டிவேர்த் தட்டிதானே! ஜன்னலில் தொங்கவிட்டுத் தண்ணீர் தெளிக்கும் அதே சங்கதி, சக்கரத்தின் மேல்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது அதே எடையுள்ள ஐஸ் உருகுவதைவிட ஏழு மடங்குக்கும் மேல் வெப்பத்தை இழுக்கும். பத்துக் கிலோ ஐஸ் செய்த வேலையை இரண்டு லிட்டர் தண்ணீர் சத்தமில்லாமல் செய்துவிடும், காற்று உலர்ந்திருந்தால். இந்த "இருந்தால்" பின்னால் என்னை வேளாங்கண்ணிச் சாலையில் கைவிட்டது. அதை அப்புறம் சொல்கிறேன்.

அலுமினியத் தகட்டில் ஓர் அடி அகலம், ஒன்றே கால் அடி உயரத்தில் பெட்டி. முன்பக்கம் புனல் மாதிரி வாய், அதில் பூச்சி நுழையாமல் எங்கள் ஊர்க் கொசுவலைத் துணி இரண்டு மடிப்பு. நடுவில் இரண்டு அங்குல கனத்துக்கு வெட்டிவேர், கம்பிவலைச் சட்டத்துக்குள். வேரை வாங்கியது நாட்டுமருந்துக் கடையில். கடலூர்ப் பக்கத்து மணல் வேர் என்று கடைக்காரர் சொன்னார். ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் தண்ணீர்த் தொட்டி. மருந்தடிக்கும் மோட்டார் மறுபடி வேலைக்கு வந்தது. நிமிடத்துக்கு ஒரு தடவை சில நொடி ஓடி வேரின் தலையில் சொட்டவிடும். இடப்பக்கத் தள்ளு கண்ணாடியைப் பாதி திறந்து, மேலே கொக்கி, கீழே காது வைத்த இரண்டு நட்டு, இடைவெளியில் கதவு ரப்பர். மாட்ட நான்கு நிமிடம், கழற்ற இரண்டு நிமிடம். தண்ணீர்க் குழாயை உள்ளே கொண்டுவருவதுதான் கொஞ்சம் தகராறாக இருந்தது. அதையும் சமாளித்துவிட்டேன்.

முதல் ஓட்டம் பரமத்திச் சாலையில். வெளியே 39 டிகிரி. பெட்டியின் வாயில் தெர்மாமீட்டரை வைத்தால் 29. அதைவிடப் பெரிது வாசனை. முதல் மழை விழுந்த மண்ணும் பழைய மரப்பெட்டியும் சேர்ந்தாற்போன்ற அந்த வாசம் வண்டி முழுக்க நிறைந்தது. முன்சீட்டில் இருந்த என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு, "கோயில் மாதிரி இருக்கிறது" என்றார். அடுத்த வேகத்தடையில் பெட்டியின் அடித்தட்டில் தேங்கியிருந்த அரை லிட்டர் தண்ணீர் எகிறி அவர் மடியில் விழுந்தது. தீர்த்தமும் கிடைத்துவிட்டது. தட்டுக்குள் பஞ்சு மெத்தை வெட்டி வைத்த பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது.

மே மாதக் கடைசியில் வேளாங்கண்ணி போனோம். தஞ்சாவூர் தாண்டும்வரை பெட்டி ராஜாங்கம் நடத்தியது. நாகப்பட்டினம் நெருங்க நெருங்கக் காற்றில் பிசுபிசுப்பு ஏறியது. வெளியே 35தான், கரூரைவிடக் குறைவு. பெட்டியிலிருந்து வந்த காற்று 31, அதுவும் ஈரத் துணி மாதிரி. காற்று ஏற்கெனவே தண்ணீர் குடித்து வயிறு நிறைந்திருந்தால் வேரிலிருந்து இன்னும் எப்படிக் குடிக்கும்? ஈரத் துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டுவதை ஈரக்குமிழ் வெப்பநிலை என்று வானிலைக்காரர்கள் சொல்வார்கள்; அந்த அளவுக்குக் கீழே இந்த மாதிரிக் கூலர் இறங்காது. பரமத்தியில் அந்த மே மதியத்தில் அது 25ஐ ஒட்டி இருக்கும், கடற்கரையில் 30க்கு வந்து நிற்கும். அம்மாவின் கண்ணாடியில் ஆவி படிந்தது. "அணைத்துவிடு, மூச்சு முட்டுகிறது" என்றார்.

அந்த "மூச்சு முட்டுகிறது" என்ற சொல் எனக்குள் இறங்கிவிட்டது. இரண்டு வருடமாகக் குளிர்ந்த காற்றை உள்ளே கொண்டுவருவதைப் பற்றியே யோசித்தேன். உள்ளே வந்த காற்று எந்த வழியாக வெளியே போகும் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

அதைக் கண்டுபிடிக்க இரண்டு கட்டு ஊதுபத்தி செலவானது. அக்கா மகன் ஓட்ட, மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில், வெறிச்சோடிய பைபாஸில், நான் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஊதுபத்தியை ஒவ்வொரு சந்தாகக் கொண்டுபோனேன். முன்கதவுச் சந்தில் புகை வெளியே ஓடியது. சரி. பக்கக் கண்ணாடியின் பின் ஓரத்திலும் வெளியேதான். பின்கதவுக்குக் கொண்டுபோனேன். புகை நேராக வந்து என் மூக்கில் மோதியது. கதவின் மேல் சந்து, பக்கச் சந்து, பூட்டின் ஓட்டை, எங்கே பிடித்தாலும் உள்ளேதான் வந்தது. கூடவே லேசான டீசல் நெடி. சதுரமான பின்பக்கம் உள்ள வண்டி ஓடும்போது அதன் முதுகுக்குப் பின்னால் காற்று சுழன்று புகைக்குழாயின் புகையைக் கதவருகே கொண்டுவந்து வைத்துக்கொண்டிருக்கிறது. உள்ளே அழுத்தம் குறைவாக இருப்பதால் வண்டி அதை உறிஞ்சிக்கொள்கிறது. பத்து வருடமாகக் காற்று வரட்டும் என்று பின்கதவின் மேல் கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். பின்சீட்டில் உட்கார்ந்த விருந்தாளிகளுக்கெல்லாம் தலைவலி வந்தது வெயிலால் என்று நினைத்திருந்தேன். பெட்ரோல் எஞ்சினை நோக்க டீசல் புகையில் கார்பன் மோனாக்சைடு குறைவு என்பது ஆறுதலான செய்தியே இல்லை.

ஆக மூன்றாவது வருடம் குளிர்ச்சியை விட்டுவிட்டுக் காற்றின் போக்கைச் சரி செய்தேன். பின்கதவைச் சுற்றி இரட்டை ரப்பர். பின் கண்ணாடிக்குப் பூட்டு. முன்கண்ணாடியின் அடிப்பக்கத்தில், பானெட்டைத் தாண்டி வரும் காற்று முட்டி நிற்கும் இடத்தில் அழுத்தம் அதிகம். பழைய ஜீப்பில் அங்கே ஒரு காற்றுத் திறப்பு இருந்து, யாரோ தகடு வைத்து அடைத்திருந்தார்கள். அதைத் திறந்துவிட்டேன். காற்று வெளியேற, பின்பக்கப் பக்கவாட்டுக் கண்ணாடிகளைப் பாதி திறந்து, அந்த இடைவெளியில் செருகிக்கொள்ளப் பின்னோக்கிய செதில்கள் வைத்த இரண்டு பலகைகள். மழை வந்தால் உருவி எடுத்துவிடலாம்.

விசிறியே தேவைப்படவில்லை. மணிக்கு 60 கிலோமீட்டரில் காற்று முட்டும் அழுத்தம் ஒரு குழாயில் நிற்கும் தண்ணீரை 17 மில்லிமீட்டர் உயர்த்தும். கம்ப்யூட்டர் விசிறி முக்கி முனகி இரண்டு மூன்று மில்லிமீட்டர் தரும். ஓடுகிற வண்டியில் விசிறி வைத்தது, ஆற்றில் நின்றுகொண்டு அடிகுழாய் அடித்தது போலத்தான். ரயில்வே கேட்டில் நிற்கும்போது மட்டும் ஒரு விசிறி வேண்டியிருந்தது. அம்பாசடர், பிரீமியர் பத்மினி கார்களில் முன் ஜன்னலில் முக்கோணமாக ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும், நினைவிருக்கிறதா? அதைத் திருப்பினால் காற்று நேராக நெஞ்சில் அடிக்கும். அதை எடுத்துவிட்டு ஏ.சி.யைக் கொடுத்தார்கள். ஏ.சி. இல்லாத வண்டிக்காரனுக்கு இரண்டும் இல்லாமல் போனது.

காற்றுப் பாதை சரியானதும் வெட்டிவேர்ப் பெட்டியே வேறு ஆளாகிவிட்டது. அதே பெட்டி, அதே வேர். ஈரக்காற்று தேங்காமல் பின்னால் போய்விடுவதால் சட்டை உலர்ந்தது.

மிச்சம் இருந்தது தலைக்கு மேல். ஏ.சி.க்காரரிடம் லேசர் தெர்மாமீட்டர் இரவல் வாங்கி மதியம் வண்டிக்குள் கூரையை அளந்தேன்: 61 டிகிரி. நண்பகலில் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 1000 வாட் வெயில் விழும். என் கூரை 2.8 சதுர மீட்டர், கரும்பச்சை. தண்ணீர் காய வைக்கும் ராடு இரண்டைக் கூரையில் மாட்டி எரியவிட்டுக்கொண்டு, அதன் கீழ் உட்கார்ந்து ஐஸ் பெட்டி செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

ஆப்பிரிக்காவுக்குப் போன பழைய லேண்ட் ரோவர்களில் கூரைக்கு மேல் இன்னொரு கூரை இருக்கும். நடுவில் காற்று ஓட இடைவெளி. வெயிலை மேல் கூரை வாங்கிக்கொள்ளும், நடுவில் ஓடும் காற்று சூட்டைத் துடைத்துக்கொண்டு போகும், கீழ்க் கூரை நிழலில் நிற்கும். நம் ஓட்டு வீட்டின் மேல் கீற்று வேய்வதும் வேறென்ன? நான் முதலில் வெள்ளைத் தார்ப்பாயை லக்கேஜ் கம்பிகளின் மேல் இழுத்துக் கட்டினேன். திண்டுக்கல் சாலையில் எண்பதைத் தொட்டபோது 'படார்' என்று ஒரு சத்தம். கண்ணாடியில் பார்த்தால் தார்ப்பாய் ஒரு வெள்ளைப் பறவை போல எழும்பி, பின்னால் வந்த வைக்கோல் லாரியின் முகப்பில் போய் உட்கார்ந்தது. டிரைவர் இறங்கி வந்து அதை மடித்துக் கொடுத்து, நான் கேட்டிராத சில உறவுமுறைகளில் என்னை விளித்துவிட்டுப் போனார். அவர் கையில் நான் கொடுத்த தண்ணீர் பாட்டிலை மட்டும் வாங்கிக்கொண்டார். அவருடைய கேபினுக்குள் என் ஜீப்பைவிடச் சூடாக இருந்திருக்கும். எஞ்சினுக்கு மேலேயே உட்கார்ந்து நாள் முழுவதும் ஓட்டுகிறவர்கள். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று அரசு விதி போட்டிருக்கிறது. ஏற்கெனவே ஓடுகிற லட்சக்கணக்கான பழைய லாரிகளுக்கு ஈரச் சாக்குதான் கதி.

மேஸ்திரியே மனமிரங்கி நிரந்தர விடை செய்து கொடுத்தார். வெள்ளை அடித்த அலுமினியத் தகடு, ஓரம் மடித்தது, குறுக்கே மூன்று இடத்தில் விறைப்புக் கம்பி. கூரைக்கும் அதற்கும் இடையே இரண்டு அங்குலம். கூரையோர மழைநீர் வாய்க்காலில் பிடிக்கும் ஆறு பிடிப்பான்கள், எல்லாம் காது நட்டு. முன் ஓரத்தைக் கொஞ்சம் தாழ்த்திவிட்டார். "காற்று இதைத் தூக்கப் பார்க்கக் கூடாது, அமுக்கட்டும்." பஸ் பாடி கட்டினவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்த மதியம், அதே இடம், அதே 39 டிகிரி வெயில்: உள்கூரை 43. ஐஸ் இல்லை, தண்ணீர் இல்லை, ஒரு ஆம்பியர் மின்சாரம் இல்லை. நான்கு வருடத்தில் செலவழித்த காசில் உருப்படியாகப் போனது இந்தத் தகடுதான் என்பேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது. ஆனால் குளிர்ந்த காற்று முகத்தில் அடிப்பதில் உள்ள மயக்கம் நிழலில் எங்கே இருக்கிறது?

போன மே மாதம் கத்திரி வெயிலில் மறுபடி காங்கேயம். மேலே வெள்ளைக் கூரை, பக்கத்தில் வெட்டிவேர், பின்னால் செதில் பலகை. ஐஸ் பெட்டியும் வந்தது, மோருக்காக. பரமத்தி தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். அம்மா வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். வெள்ளகோவிலில் இளநீர்க் கடையில் நிறுத்தியபோதும் எழவில்லை.

அக்டோபரில் முதல் மழை பெய்தது. அதற்குள் எல்லாவற்றையும் கழற்றிப் பரணில் ஏற்றிவிட்டேன். மழையில் ஓட்டிக்கொண்டு போகும்போது இடது பக்கம், முன்சீட்டில் உட்காருகிறவரின் தோளில் ஒரு சொட்டு. சிறிது நேரம் கழித்து இன்னொன்று. மேஸ்திரி வந்தார். விளக்கைப் பிடித்துக்கொண்டு தூணோரமாகத் தடவிக்கொண்டே போன அவர் விரல் ஓர் இடத்தில் நின்றது. ஆறு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துளை, தண்ணீர்க் குழாய் நுழைகிற அளவுக்கு. விரலை எடுக்காமலே திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஒன்றே ஒன்றுதான், மேஸ்திரி" என்றேன்.